கை போகிற மெஷினை வாங்குங்க! காளான் குடிலுக்கு ஈரம் தரும் கருவியைத் தேர்ந்தெடுப்பதும் கழுவி வைப்பதும்



இந்த இதழின் பாடம், காளான் குடிலில் காற்றை ஈரமாக வைக்கும் மெஷினைப் பற்றியது. கடையில் இதை ஹியூமிடிஃபையர் என்பார்கள். சிலர் ஃபாகர் என்பார்கள், சிலர் பனிப்புகை மெஷின் என்பார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். தொட்டியில் ஊற்றும் தண்ணீரைப் பொடிப்பொடியாக்கி அல்லது ஆவியாக்கிக் காற்றில் கலக்கும்.

காளான் போடும் குழுக்களில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அக்கா, கடன் வாங்கி மெஷின் போட்டாச்சு. ஆனாலும் படுக்கை எல்லாம் பச்சை பச்சையா போவுது."

"மெஷினைக் கழுவினியாம்மா?"

"எங்கக்கா கழுவுறது? தொட்டி வாய் சின்னது. கையே போவல. தண்ணிய ஊத்தி ஆட்டிட்டு மறுபடியும் ரொப்பிடுவேன்."

"உள்ள தடவிப் பாத்தியா?"

"பாத்தேன். வழவழன்னு இருக்குது."

இந்த வழவழப்புதான் இன்றைய பாடம். எல்லாவற்றையும் மறந்துவிட்டாலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தொட்டியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் மெஷின் ஊதும். சுத்தமான தண்ணீர் இருந்தால் சுத்தமான ஈரம் வரும். பாசியும் பூஞ்சணமும் இருந்தால் அவையும் படுக்கை மீதும் நம் மூச்சிலும் வந்து சேரும். ஆகவே மெஷின் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எவ்வளவு புகை வருகிறது என்பதை அல்ல. அதை நம் கையால் கழுவ முடியுமா என்பதைத்தான்.

காளானுக்கு ஏன் ஈரக் காற்று?

காளான் ஒரு பூஞ்சை. அதன் உடம்பில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். நமக்கு இருப்பது போல அதற்குக் கெட்டியான தோல் கிடையாது. காற்று காய்ந்தால் உடனே வாடும். மொட்டு மஞ்சளாகிச் சுருங்கும், குடையின் ஓரம் வெடிக்கும்.

சிப்பிக்காளானுக்குச் சுமார் 25 முதல் 28 டிகிரி வெப்பம் ஏற்றது. பால்காளான் 30 முதல் 35 டிகிரி வரை தாங்கும். இரண்டுக்குமே வளர்ப்பு அறையில் 80 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். வித்து பரவும் அறையில் படுக்கை பாலித்தீன் பைக்குள் மூடியிருப்பதால் அங்கே மெஷின் வேண்டாம். பையைக் கிழித்த பிறகு, மொட்டு வரும் அறைக்குத்தான் ஈரம் வேண்டும்.

காற்றை ஈரமாக வைப்பது நம் ஊருக்குப் புதிய வேலை அல்ல. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. ஆலை 1898இல் தொடங்கி, 2020இல் மூடப்படும் வரை எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போட்டது. பருத்தி நூல் காய்ந்தால் தறியில் அறுந்துபோகும். அதனால் நூற்பாலை, நெசவாலைகளில் காற்றை ஈரமாக வைக்கவே தனிக் கருவிகள் உண்டு. மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே நூல் அறுந்தது. இங்கே மொட்டு காய்கிறது. காரணம் ஒன்றுதான்.

மெஷின் வாங்கும் முன் ஈரமானி வாங்குங்கள்

புதுச்சேரி கடலோர ஊர். வருடம் முழுவதும் காற்றில் ஓரளவு ஈரம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடிலுக்கு மெஷினே தேவைப்படாது. அப்போது தண்ணீர் தெளித்தால் கெடுதல்தான் வரும். சித்திரை, வைகாசி, ஆனியில் மேல்காற்று அடிக்கும் பகல் நேரத்தில்தான் குடில் காய்கிறது. மாலையில் கடல்காற்று வந்ததும் நிலைமை மாறிவிடும். வில்லியனூர், திருக்கனூர் பக்கம் உள்பகுதியில் இருப்பவர்களுக்குக் கடல்காற்று வந்து சேரக் கொஞ்சம் நேரமாகும்.

ஆகவே எந்த மாதம், எந்த நேரம், எவ்வளவு ஈரம் குறைகிறது என்று தெரியாமல் மெஷினுக்குக் கடன் எழுதக்கூடாது. சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் ஈரமானி கிடைக்கிறது. அதைப் படுக்கையின் உயரத்தில், தண்ணீர் நேராகப் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். காலை 7 மணி, பகல் 2 மணி, இரவு 8 மணி என்று மூன்று வேளையும் 10 நாள் நோட்டில் எழுதுங்கள். எந்த வேளையில் 80க்குக் கீழே போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு மூடியில் இரண்டு ஸ்பூன் கல் உப்பைப் பொடித்துப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைவாக ஆக்குங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, நனைந்திருந்தால் போதும். அதையும் ஈரமானியையும் ஒரு டப்பாவுக்குள் வைத்துக் காற்றுப் போகாமல் மூடி, 12 மணி நேரம் நிழலில் வையுங்கள். உப்பு ஈரமானியைத் தொடக்கூடாது. பிறகு பார்த்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் ஈரமானி 5 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

அழுக்குத் தொட்டி என்ன கெடுக்கும்?

தண்ணீர் இரண்டு மூன்று நாள் தேங்கினால் தொட்டியின் உள்சுவரில் வழவழப்பான படலம் பிடிக்கும். கிருமிகள் கூட்டமாக ஒட்டி வாழும் இடம் அது. தண்ணீரை ஊற்றி ஆட்டினால் போகாது. கையால் தேய்த்தால்தான் போகும்.

இதனால் குடிலில் வரும் தொல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்:

பச்சைப் பூஞ்சணம்: படுக்கையில் முதலில் வெள்ளையாகப் படர்ந்து, பிறகு பச்சைப் பொடியாக மாறும். வைக்கோல் சரியாக வேகாததாலும் வரும், சுத்தமில்லாத கை, தண்ணீர், சாக்கு மூலமும் வரும். மெஷினின் காற்று ஒரு படுக்கையின் பொடியை மற்ற படுக்கைகளுக்கும் கொண்டுபோகும்.

பழுப்புப் புள்ளி: காளான் குடையில் மஞ்சள், பழுப்பு நிறப் புள்ளிகள் விழுந்து பிசுபிசுக்கும். இது பாக்டீரியாவால் வருவது. குடையின் மேல் தண்ணீர் பல மணி நேரம் காயாமல் நின்றால் அதிகமாகும்.

நமக்கு இருமல்: அழுக்கு ஈரத்தைத் தினமும் சுவாசித்தால் தொண்டைக் கரகரப்பு, இருமல், காய்ச்சல் வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். முற்றிய காளான் விடும் வித்துத்தூளும் இதே தொல்லையைத் தரும். ஆகவே குடையின் ஓரம் மேலே சுருளும் முன்பே பறித்துவிடுங்கள். குடிலுக்குள் என் 95 முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் பார்ப்போம். 100 படுக்கை போட்டு, ஒரு படுக்கைக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 75 கிலோ. அதில் 20 படுக்கை பச்சையானால் 15 கிலோ போச்சு. உங்கள் ஊர் விலையால் அதைப் பெருக்கிப் பாருங்கள். படுக்கை போட்டதிலிருந்து மூன்று அறுவடையும் முடிய ஏறக்குறைய 45 நாள். அந்த 45 நாள் உழைப்பும், அந்த மாதக் கடன் தவணையும் ஒரு தொட்டி அழுக்கில் போகலாமா?

எந்த வழி கழுவச் சுலபம்?

1. சாக்கும் மணலும்: எல்லாவற்றிலும் மலிவு. தரையில் மணல் பரப்பி நனைப்பது, சன்னலில் ஈரச் சாக்குத் தொங்கவிடுவது. கரண்ட் வேண்டாம். சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். இரண்டு செட் வைத்துக்கொண்டால் ஒன்று காயும்போது ஒன்று தொங்கும். சிறிய குடிலுக்கு இதுவே பல மாதங்களுக்குப் போதும்.

2. கைத்தெளிப்பான்: தொட்டி வாய் பெரியதாக இருப்பதை வாங்கினால் கழுவுவது எளிது. முனையைக் கழற்றி அலசலாம். பூச்சிமருந்து அடித்த தெளிப்பானை எவ்வளவு கழுவினாலும் குடிலுக்குள் கொண்டுவரக் கூடாது.

3. குழாயில் ஃபாகர் முனைகள்: பெரிய குடிலுக்கு நல்லது. பம்பும் வடிகட்டியும் வேண்டும். முனையின் துளை மிகச் சிறியது என்பதால் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அடைக்கும். குழாயின் உட்புறத்தைத் தேய்க்க முடியாது. ஆகவே குழாய்க் கடைசியில் திருகி எடுக்கும் மூடி இருக்க வேண்டும். அதைத் திறந்து வேகமாகத் தண்ணீர் விட்டால் அழுக்கு வெளியேறும்.

4. அல்ட்ராசோனிக் மெஷின்: உள்ளே ஒரு சிறிய தகடு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிர்ந்து, தண்ணீரைப் புகை போல ஆக்கும். சத்தம் குறைவு, கரண்டும் குறைவு. 100 வாட் மெஷின் 10 மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஆனால் இது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, வடிகட்டுவதும் இல்லை. தண்ணீரில் உள்ள உப்பு, கிருமி எல்லாம் அப்படியே புகையில் வரும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் குடில் முழுக்க வெள்ளைத் தூள் படியும். எல்லா வகையிலும் அதிகமாகக் கழுவ வேண்டியது இதுதான்.

5. ஏர் கூலர்: ஈர மெத்தை வழியாகக் காற்றை இழுத்து ஊதும். தண்ணீர் ஆவியாகிப் போவதால் உப்பு மெத்தையிலேயே தங்கிவிடும், காற்றில் வராது. ஆனால் மெத்தையில் பூஞ்சணம் பிடிக்கும். மெத்தையைக் கழற்ற முடிகிற, தனியாக விலைக்குக் கிடைக்கிற கூலராக இருக்க வேண்டும்.

6. கொதிக்கும் ஆவி: கிருமி சாகும் என்பது உண்மை. ஆனால் குடில் சூடாகும். நம் ஊர்க் கோடையில் சிப்பிக்காளானுக்கு இது ஆகாது. கொதிநீர் கொட்டும் ஆபத்தும் உண்டு.

முதலில் ஒன்று, இரண்டை ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்போதும் நோட்டில் பகல் அளவு 80க்குக் கீழேயே நின்றால் மெஷினுக்குப் போகலாம்.

கடையிலேயே செய்ய வேண்டிய ஆறு சோதனைகள்

கடைக்காரர் புகையைக் காட்டி மயக்குவார். நீங்கள் பதறாமல் இந்த ஆறையும் பாருங்கள்.

ஒன்று, கை சோதனை. வளையலைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் கையை விடுங்கள். அடி மூலை வரை விரல் தொட வேண்டும். தொடாத இடத்தை நீங்கள் ஒருநாளும் கழுவப் போவதில்லை.

இரண்டு, கழற்றும் சோதனை. "நீங்களே கழற்றி மாட்டிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பிறகு நீங்கள் ஒருமுறை செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் முடிய வேண்டும். எத்தனை துண்டு என்று எண்ணுங்கள். துண்டு குறைவாக இருந்தால் தினமும் கழுவுவோம்.

மூன்று, வடிகால் சோதனை. தொட்டியின் அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில் தண்ணீர் வடியும் அடைப்பான் இருக்கிறதா? கவிழ்த்த பிறகும் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் தங்கினால் அந்த மெஷின் வேண்டாம்.

நான்கு, கரண்ட் சோதனை. மோட்டாரும் ஒயரும் உள்ள பகுதி தனியாக வர வேண்டும். தண்ணீர்த் தொட்டியை மட்டும் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோக முடிய வேண்டும்.

ஐந்து, உதிரிபாகச் சோதனை. முனை, தகடு, மெத்தை, ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா? என்ன விலை? புதுச்சேரியிலேயே கிடைக்குமா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? பதிலைப் பில்லின் பின்னால் எழுதச் சொல்லுங்கள்.

ஆறு, தூக்கும் சோதனை. தண்ணீர் நிரம்பிய தொட்டியை ஒரே பெண் தூக்க முடியுமா? 10 லிட்டர் தண்ணீரே 10 கிலோ. தூக்க முடியாத தொட்டி கழுவப்படாமல் கிடக்கும்.

ஒளி ஊடுருவும் தொட்டி இருந்தால் அழுக்கு கண்ணில் படும். ஆனால் வெயில் பட்டால் பாசி பிடிக்கும். நிழலில் வையுங்கள்.

கழுவும் முறை

தினமும்: பிளக்கைப் பிடுங்குங்கள். மீதித் தண்ணீரைக் கொட்டுங்கள். மெல்லிய துணியால் உள்ளே துடைத்து, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நேற்றைய தண்ணீரின் மேல் இன்றைய தண்ணீரை ரொப்பக் கூடாது.

மூன்று நாளைக்கு ஒருமுறை: எல்லாப் பாகத்தையும் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். மூலையும் ரப்பர் வளையத்தின் அடியும் முக்கியம். அல்ட்ராசோனிக் தகட்டைக் கம்பி நாரால் சுரண்டினால் கெட்டுவிடும், பஞ்சால் துடைத்தால் போதும்.

வெள்ளை உப்பு படிந்திருந்தால்: கடலோரக் கிணறு, போர்த் தண்ணீரில் இது சாதாரணம். வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, அரை மணி நேரம் ஊற வைத்துத் தேயுங்கள். ஃபாகர் முனைகளையும் இப்படியே ஊற வைக்கலாம். பிறகு நன்றாக அலசுங்கள். மெஷினுக்கு மழைத்தண்ணீரோ உப்புக் குறைந்த குடிநீரோ ஊற்றினால் இந்த வேலை பாதியாகக் குறையும். ஓட்டிலிருந்து விழும் மழைத்தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மூடிய டிரம்மில் பிடித்து வையுங்கள்.

வாரம் ஒருமுறை, கிருமி போக: 10 லிட்டர் தண்ணீரில் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கலந்து, தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஏற்கெனவே தேய்த்துக் கழுவிய தொட்டியில் அதை ஊற்றி 20 நிமிடம் வையுங்கள். கொட்டிவிட்டு, வாடை போகும் வரை இரண்டு மூன்று முறை அலசிக் காய வையுங்கள். அழுக்கின் மேல் பிளீச்சிங் ஊற்றுவதால் பயன் இல்லை. முதலில் தேய்க்க வேண்டும், பிறகுதான் மருந்து.

மிகக் கவனம்: வினிகரையும் பிளீச்சிங்கையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். டாய்லெட் ஆசிட்டோடும் சேர்க்காதீர்கள். விஷ வாயு வரும். ஒன்றைப் போட்டு நன்றாக அலசிய பிறகே மற்றது. உப்பு எடுக்க ஒரு நாள், கிருமி போக்க வேறொரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. கழுவுவதை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

அறுவடை முடிந்ததும்: எல்லாவற்றையும் கழுவி, வெயிலில் முழுதாகக் காய வைத்து, துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஈரத்தோடு மூடி வைத்த மெஷின் அடுத்த பட்டத்துக்கு நோயோடு வரும்.

கழுவும் மருந்தை மெஷினில் ஓட்டாதீர்கள்

"தினமும் யாரு கழுவுறது? தண்ணியிலேயே கொஞ்சம் மருந்து ஊத்திட்டா கிருமி வராதுல்ல?" என்று சிலர் கேட்பார்கள். இதற்குத் தென்கொரியாவில் நடந்தது ஒரு பெரிய பாடம்.

அங்கே குளிர்காலத்தில் வீட்டுக் காற்று மிகவும் காய்ந்துவிடும். வீட்டுக்கு வீடு அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர் உண்டு. தொட்டி கழுவும் சிரமம் குறையட்டும் என்று, தண்ணீரில் கலந்தே ஓட்டுகிற கிருமிநாசினிகள் 1994 முதல் அங்கே விற்பனைக்கு வந்தன. குழந்தைக்கு நல்லது என்று நம்பித் தாய்மார்கள் வாங்கினார்கள். 2011இல், கர்ப்பிணிகளும் புதிதாகக் குழந்தை பெற்றவர்களும் காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு சியோல் நகர மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் இறந்துபோனார்கள். அரசு விசாரித்தபோது, எல்லாவற்றுக்கும் அந்தக் கிருமிநாசினிதான் காரணம் என்று தெரிந்தது. அந்த ஆண்டே பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவு வந்தது. பிறகு எடுத்த கணக்கில் பல நூறு பேர் இறந்ததாகத் தெரிந்தது. அவர்களில் சின்னக் குழந்தைகள் நிறையப் பேர்.

பாத்திரம் கழுவப் பயன்படுகிற மருந்து, மூச்சில் நுழைந்தால் விஷமாகலாம். ஆகவே பிளீச்சிங், பினாயில், டெட்டால், பூஞ்சாணக்கொல்லி, வாசனைத் தைலம் எதையும் ஈரம் தரும் மெஷினில் ஊற்றி ஓட்டக் கூடாது. கழுவும்போது மெஷின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். ஓடும்போது தொட்டியில் வெறும் தண்ணீர்தான் இருக்க வேண்டும். படுக்கையில் நோய் அதிகமானால் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேளுங்கள். மருந்துக்கடையில் சொன்னதை எல்லாம் அடிக்காதீர்கள்.

கரண்டும் கொசுவும்

ஈரத் தரை, ஈரக் கை, மெஷின் மூன்றும் சேரும் இடம் குடில். மூன்று முனைப் பிளக்கும் எர்த்தும் கட்டாயம். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்சை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போடுங்கள். சுவிட்ச் போர்டு குடிலுக்கு வெளியே இருக்கட்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தொட்டியைத் தொட வேண்டும்.

கூலரிலும் டிரம்மிலும் தேங்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி முட்டை வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை காய்ந்தபடியே பல மாதம் உயிரோடு இருக்கும். அதனால்தான் கொட்டுவதோடு தேய்க்கவும் வேண்டும் என்கிறோம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் காய வைத்தால் கொசுவும் ஒழியும். மழைநீர் டிரம்மை இறுக மூடி வையுங்கள்.

யார் கழுவுவது?

வாங்கும்போது பத்துப் பேர் சேர்ந்து கடைக்குப் போகிறோம். கழுவும்போது ஒருத்திதான் நிற்கிறாள். பெரும்பாலும் குடில் யார் வீட்டுப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தச் சகோதரி. அவளுக்கும் சமையல், பிள்ளை, நூறு நாள் வேலை எல்லாம் உண்டு. அவள் களைத்துப்போகும் நாளில் தொட்டி கழுவப்படாது. அப்போது குற்றம் சொல்ல ஒன்பது பேர் இருப்பார்கள்.

ஆகவே மெஷின் வாங்கத் தீர்மானம் எழுதும் அதே நாளில், கழுவும் முறையையும் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எந்தக் கிழமை யார் என்று பெயர் போடுங்கள். குடில் கதவில் ஓர் அட்டை தொங்கட்டும். தேதி, கழுவியவர் கையெழுத்து, ஈரமானி அளவு என்று மூன்றே கட்டம் போதும். ஊக்குநர் வாரம் ஒருமுறை தொட்டிக்குள் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வழவழப்பு இருந்தால் அன்று மெஷின் ஓடக்கூடாது. ஒரு குடிலில் ஓடிய மெஷினை இன்னொரு குழுவுக்கு இரவல் கொடுத்தால், கழுவிக் காய வைத்த பிறகே கொடுங்கள். பச்சைப் பூஞ்சணத்தையும் சேர்த்து இரவல் கொடுத்துவிடக் கூடாது.

சகோதரிகள் கேட்கும் கேள்விகள்

"மெஷின் முழு நாளும் ஓடலாமா?"

வேண்டாம். 85 தாண்டினால் நிறுத்துங்கள். புகை நேராகப் படுக்கை மேல் படாமல், நடைபாதைப் பக்கம் திருப்பி வையுங்கள். குடையின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

"ஈரம் போகாம இருக்க சன்னலை எல்லாம் மூடிடலாமா?"

கூடாது. காளானும் மூச்சு விடும். காற்றோட்டம் இல்லாவிட்டால் தண்டு நீண்டு, குடை சிறுத்துப் போகும். காலையும் மாலையும் திறந்து விட்டு, சன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள்.

"வீட்டுல கொழந்தைக்கு சளி. இந்த மெஷினை ரூமுல வைக்கலாமா அக்கா?"

குடிலில் ஓடிய மெஷினை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். நம் ஊர் வீட்டுக் காற்றில் பெரும்பாலும் ஈரம் போதுமான அளவு இருக்கிறது. அதற்கு மேல் ஈரம் சேர்த்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், சளி கூடும். டாக்டரிடம் காட்டுங்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் நெபுலைசர் வேறு கருவி, அது மருந்தை உள்ளே செலுத்துவதற்கு. ஆனால் அதன் கிண்ணத்தையும் முகமூடியையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வைக்க வேண்டும் என்ற விதி அதற்கும் பொருந்தும்.

"வாங்கியாச்சு, கை போகாத மெஷின்தான். தூக்கிப் போடவா?"

வேண்டாம். நீளக் காம்பு உள்ள பாட்டில் பிரஷ் வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் கவிழ்த்து வைத்துக் காய விடுங்கள். பிரஷ்ஷும் எட்டாத மூலை இருந்தால் அந்த மெஷினை ஓரம் கட்டிவிட்டு, சாக்கும் கைத்தெளிப்பானும் வைத்துச் சமாளியுங்கள். போன பணம் போனது. அதற்காகப் படுக்கையையும் இழக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குடிலில் பகல் 2 மணிக்கு ஈரம் எவ்வளவு? யாராவது அளந்திருக்கிறோமா?

2. இப்போது இருக்கும் தெளிப்பான், கூலர், மெஷின் ஒவ்வொன்றுக்குள்ளும் கை போகிறதா?

3. கழுவும் முறையில் எத்தனை பேர் பெயர் இருக்கிறது? ஒரே பெயர்தான் என்றால் எப்படிப் பங்கிடலாம்?

4. போன பட்டத்தில் எத்தனை படுக்கை கெட்டது? அதற்குக் காரணம் வைக்கோலா, வித்தா, தண்ணீரா?

வீட்டில் பால் பாத்திரத்தை எப்படி வைத்திருக்கிறோம்? தினமும் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, கவிழ்த்து வைக்கிறோம். கழுவாத பாத்திரத்தில் ஊற்றிய பால் திரியும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஈரம் தரும் மெஷினும் அதே மாதிரி ஒரு பாத்திரம்தான். பால் பாத்திரத்துக்குக் கொடுக்கும் மரியாதையை அதற்கும் கொடுங்கள். படுக்கையும் பிழைக்கும், நம் நெஞ்சும் பிழைக்கும்.